ரவிக்கைக்கு உளுந்து, கிடைக்கு நெல்

எனக்குக் கைவசம் இரண்டு வேலை. ஒன்று தையல். இன்னொன்று, வீட்டுக்காரரோடு சேர்ந்து பார்க்கும் மூன்று ஏக்கர் விவசாயம். அதில் ஒரு ஏக்கர் குத்தகை. ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை. இங்கே வருடத்தில் கையில் காசு புரள்வது இரண்டே தடவை. கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்கு வங்கியில் பணம் ஏறும்போது ஒன்று, பங்குனி சித்திரையில் உளுந்து விற்கும்போது ஒன்று. மற்ற மாதங்களிலும் ரவிக்கை கிழியத்தான் செய்கிறது, வயலுக்கு எரு தேவைப்படத்தான் செய்கிறது. அதனால் எங்கள் வீட்டுக் கொடுக்கல் வாங்கலில் பாதிக்குப் பாதி பொருளாகவும் வேலையாகவும்தான் நடக்கிறது.

சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரப் பெண்கள் இதைக் கேட்டால், "எவ்ளோ நல்லா இருக்கு, காசே இல்லாம வாழ்றீங்க!" என்று கண்ணை விரிப்பார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். காசில்லாமல் வாங்கினாலும் விலை உண்டு. அது ரூபாயாக எழுதி ஒட்டியிருக்காது, படிக்குள்ளும் மரக்காலுக்குள்ளும் ஒளிந்திருக்கும். படி யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் விலை. இது தெரிந்து இறங்கினால் பண்டமாற்று நல்ல ஏற்பாடு. தெரியாமல் இறங்கினால் கேட்கவும் முடியாது, விடவும் முடியாது, கடைசியில் மனத்தாங்கலில் போய் நிற்கும்.

அளவையிலிருந்தே தொடங்குகிறேன். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். வாய்ப்பாடு இதுதான். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு, சில ஊரில் வீட்டுக்கு வீடு வேறு. போதாததற்கு அளக்கிற கையும் வேறு. எங்கள் தெருக்கோடி அத்தாச்சி ஒருவர் ரவிக்கைக் கூலிக்கு உளுந்து கொண்டுவருவார். திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்து, படியைச் சாய்த்து வாரி, மேலே கோபுரமாகக் குவித்து, "லாபம்" என்று சொல்லிச் சாக்கில் கொட்டுவார். 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குகிற வழக்கம் இங்கே கிடையாது. அடுத்தது "ரெண்டு". அதிலும் கோபுரம் இருக்கும். மூன்றாவது படி வரும்போது பேச்சு அவர் மருமகளைப் பற்றித் திரும்பியிருக்கும், கோபுரம் குட்டையாகியிருக்கும். நான்காவது படியில் உள்ளங்கை விளிம்போடு ஓடித் தலை தட்டிவிடும். அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த வீட்டில் அவர் எதையாவது அளந்து வாங்கும்போதும் இதேதான் நடக்கிறது, பேசுகிறவர் மட்டும் மாறுவார்.

குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்று முதலிலேயே பேசிக்கொள்ளாத இடத்தில்தான் பாதிச் சண்டை. மீதிச் சண்டை ஈரத்தில். காயாத உளுந்து படியில் நிறைவாகத் தெரியும். வீட்டில் இரண்டு வெயில் காட்டினால் வற்றிவிடும். பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் திருப்பிக் கொடுத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். நெல்லுக்கு அரசுக் கொள்முதல் நிலையத்திலேயே 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மழை வருடங்களில் அதைத் தளர்த்தச் சொல்லித்தான் மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். அரசாங்கமே ஈரம் பார்க்கும்போது நான் பார்ப்பதில் தப்பில்லை.

இப்போது திண்ணைத் தூணில் ஒரு தொங்கு தராசு மாட்டியிருக்கிறேன், டிஜிட்டல். அதோடு, எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் கிலோ நெல்லாக மாற்றி எழுதத் தொடங்கினேன். இதைத்தான் யார் கேட்டாலும் முதலில் சொல்வேன். 2024-25-ல் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழ்நாட்டில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,405 ரூபாய். கிலோ 24 என்று வைத்துக்கொண்டேன். உளுந்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை அதே வருடம் 7,400. ஆக ஒரு கிலோ உளுந்துக்கு மூன்று கிலோ நெல். சாதா ரவிக்கைக்கு 6 கிலோ நெல், இல்லாவிட்டால் 2 கிலோ உளுந்து. லைனிங் வைத்தால் அதன் இரட்டிப்பு. ரூபாயில் சொல்லியிருந்தால் ஒவ்வொரு தீபாவளிக்கும் "போன வருசம் நூத்தியிருபதுதானே வாங்குன?" என்று கேள்வி வரும். நெல்லில் சொன்னால் அந்தக் கேள்வியே எழுவதில்லை. நெல் விலையைக் கூட்டி அறிவித்தால் என் கூலியும் தானாகக் கூடிவிடுகிறது, அதற்காக நான் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

கணக்கு இரண்டு நோட்டில் இருக்கும், என்னிடம் ஒன்று, அவர்களிடம் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளை எழுதும். தையிலும் சித்திரையிலும் உட்கார்ந்து நேர் செய்துவிடுவோம். இதற்கு மேல் தள்ளிப்போடுகிறவர்களிடம் அடுத்த துணி வாங்கமாட்டேன். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது கஷ்டம்தான், ஆனால் மூன்று போகம் கழித்துச் சொல்வது அதைவிடக் கஷ்டம்.

அழுகும் பொருளுக்கு வேறு முறை வேண்டும். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் வருடக்கணக்காக என்னிடம்தான் துணி தைக்கிறார். காலையில் கூடை நிறைய இருக்கும்போது என் வாசலில் நிற்கமாட்டார், காசுக்குப் போகும் தெருவுக்கு ஓடிவிடுவார். மத்தியானம் மிஞ்சியதைக் கொண்டுவந்து "தங்கச்சி, ரவிக்கைக் கணக்குல வச்சுக்க" என்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ரவிக்கை நாளைக்கும் தைக்கலாம், மீன் நாளைக்கு மீன் இல்லை. பேசி முடித்தது இப்படி: எங்களுக்கு வேண்டிய நாளை முதல் நாளே சொல்லிவிடுவோம், அன்று காலை மீன் வரும், காலை விலைக்கே கணக்கு. மத்தியான மீன் வந்தால் பாதி விலை. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்ததில்லை.

இதெல்லாம் சமமானவர்களுக்குள் நடப்பது. அம்மாச்சி கதை வேறு. அவர் மிராசுதார் வயலில் கதிரறுத்தவர். கூலி நெல்லாகத்தான். குத்தகை நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது இன்னொரு மரக்கால் வெளியே வரும் என்பார். பதரும் மண்ணும் கலந்த அடிநெல்தான் கூலிக்கு வரும். கேட்டால் மறுநாள் வேலை கிடையாது. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கம் சேர்ந்த காலத்தில்தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், மிராசுதார் தரப்பு ஆட்கள் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அடுத்த வருடம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்த ஊர் எங்களுக்கு பஸ்ஸில் போய்விடுகிற தூரம். அந்தக் காலத்தில் பணமே இல்லாமல் எல்லாரும் சந்தோஷமாக மாற்றிக்கொண்டார்கள் என்று யாராவது எழுதினால், அளந்தது யார் என்று நான் கேட்பேன். முடி வெட்டுகிறவருக்கும் துணி வெளுக்கிறவருக்கும் களத்தில் வருடத்துக்கு ஒரு தடவை அளந்த நெல்லையும் இதே கணக்கில்தான் வைக்க வேண்டும். அவர்கள் 'வேண்டாம், காசு கொடுங்கள்' என்று சொல்லியிருக்க முடியுமா?

எனவே என் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. 'முடியாது' என்று நான் சொல்ல முடியாத ஆளோடு பண்டமாற்று வைத்துக்கொள்வதில்லை. குத்தகை விட்டவர் வீட்டுத் துணிக்குக் கூலி ரொக்கமாகத்தான். "குத்தகையில கழிச்சுக்கலாமே" என்று அந்த வீட்டம்மா இரண்டொரு முறை கேட்டுப் பார்த்தார். "அது அவுக கணக்கு, இது என் கணக்கும்மா" என்று சிரித்தபடி சொல்லிவிட்டேன். மறுபக்கமும் அப்படியே. களையெடுக்க வருகிற நிலமில்லாத பெண்களுக்குக் கூலி காசாகத்தான். அவர்களாகக் கேட்டால் மட்டும் நெல்.

இதில் ஒரு பாடம் 2016-ல் கிடைத்தது. நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் பக்கம் சம்பாவில் களையெடுக்கும் சமயம். விவசாயிகள் பலருக்குக் கணக்கு வழக்கெல்லாம் கூட்டுறவுக் கடன் சங்கத்தோடுதான். ஒரு வாரத்துக்குள், அந்தச் சங்கங்கள் நம்பியிருந்த மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுவிட்டது. வரிசையில் நின்று எடுத்தால் வந்தது புது இரண்டாயிரம் ரூபாய்த் தாள். அதற்குச் சில்லறை கொடுக்க ஊரில் யாரும் இல்லை. களை மட்டும் நோட்டைப் பார்த்து வளர்வதில்லையே.

நிலம் வைத்திருந்த பெண்கள் ஆளுக்கு ஆள் கணக்கில் இறங்கினோம். இன்று என் வயல், நாளை உன் வயல். இது பழைய பழக்கம்தான், நடவுக்கும் களைக்கும் முன்பே உண்டு. நிலமில்லாதவர்களுக்கு அது ஒத்துவராது, அவர்களுக்குக் களையெடுக்க வயல் ஏது? அவர்களிடம் ஊரே ஒரே வார்த்தையைச் சொன்னது: "தை பொறந்ததும் நெல்லா அளந்துடுறோம்."

அந்த வருடம் வடகிழக்கு மழை பொய்த்தது. 2017 ஜனவரி 10-ல் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. பல வயல்களில் அறுக்கவே இல்லை, பொக்கும் பதருமாக நின்ற பயிரில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். நெல்லாக அளக்கிறோம் என்ற வார்த்தை என்ன ஆனது? "வெளையவே இல்லையே, எங்கேருந்து அளக்க?" என்று பல வீடுகளில் கையை விரித்தார்கள். அதற்கு ஒரு சின்னம்மா சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "வெளைஞ்சாத்தான் கூலின்னு கார்த்திகையில சொல்லியிருந்தா நான் குனிஞ்சே இருக்க மாட்டேனே." எங்கள் வீட்டில் அவர்கள் கணக்கைப் பள்ளிக்கூடத் துணி தைத்தும் பழைய வைக்கோல் கொடுத்தும் சித்திரைக்குள் கழித்தோம். ஆனால் என் தையல் இல்லையென்றால் எங்களிடமும் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

நாளைக்குத் தருகிறேன் என்று பொருள் பேசும்போது, அந்தப் பொருளே வராமல் போனால் என்ன என்பதையும் அதே நிமிடம் பேசிவிட வேண்டும். நாங்கள் இப்போது "தையில நெல்லு, இல்லேன்னா தையல்ல கழிவு" என்று சொல்லியே தொடங்குகிறோம். நிலத்துக்கும் இது பொருந்தும். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு, நட்டத்திலும் இரண்டு பேருக்கும் பங்கு. பேசும்போது குத்தகை மலிவாகத் தெரியும், வறட்சியில்தான் அதன் நிஜ விலை தெரியவரும்.

எனக்கு ரொம்பப் பிடித்த மாற்று ஆட்டுக்கிடைதான். சம்பா அறுப்பு முடிந்து, உளுந்தும் எடுத்த பிறகு, ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள், மந்தையோடு வருவார்கள். பகலில் தரிசில் மேய்த்துவிட்டு ராத்திரி நம் வயலில் ஆடுகளை மடக்கிக் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நமக்கு, நெல்லும் சோறும் அவர்களுக்கு. 'ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்' என்பார்கள். ஆட்டெரு சீக்கிரம் மக்கி, போட்ட போகத்திலேயே பயிரில் தெரியும். எங்களுக்கு வழக்கமாக வரும் கீதாரி அண்ணனோடு பேசியிருப்பது நூறு ஆட்டுக்கு ஒரு ராத்திரிக்கு 5 கிலோ நெல், ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

நூறு என்று யார் எண்ணுவது? சாயங்காலம் வலையைக் கட்டி ஒரு பக்கம் மட்டும் திறந்து, ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விடும்போது எண்ண வேண்டும். பால்குட்டிகள் கணக்கில் சேராது, அவை குடாப்பு என்கிற மூங்கில் கூண்டுக்குள் தனியாக இருக்கும். நல்ல கீதாரியா என்று தெரிந்துகொள்ள ராத்திரி ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும். ஆடு ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தால் எருவும் அந்த இடத்தில்தான் குவியும். எங்கள் அண்ணன் நடுராத்திரி ஒரு குரல் கொடுத்து மந்தையை எழுப்பிவிட்டு இடம் மாற்றிப் படுக்கவைப்பார். விடிகாலையில் வலையை அவிழ்க்கும் முன்பும் எழுப்பிக் கொஞ்ச நேரம் நிறுத்துவார், எழுந்தவுடன் ஆடு மூத்திரம் பெய்யும், அது வரப்புக்கு வெளியே போகக் கூடாது என்று. பேச்சில் இல்லாத இந்த வேலையை அவர் செய்வதால்தான் வருடா வருடம் அவரையே கூப்பிடுகிறோம். நம் பங்கு வேலை, கிடை நகர்ந்ததும் தாமதிக்காமல் உழுது மண்ணை மூடுவது. வெயிலில் விட்டால் மூத்திரத்தின் சத்தெல்லாம் ஆவியாகிப் போய்விடும், வாடையை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

அவரும் இப்போது பாதியை ரொக்கமாகக் கேட்கிறார். காரணம் சரியானது. கூடாரத்தில் சமைக்க வேண்டிய அளவுக்கு மேல் நெல்லைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிய முடியாது. அதுவும் நெல்லாக வேண்டாம், அரிசியாகக் கொடு என்கிறார். மூன்று கிலோ நெல்லுக்கு இரண்டு கிலோ அரிசி என்று கணக்கு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரைக்கிற கூலி யாருடையது?

எங்கள் பக்கத்துச் சின்ன ரைஸ் மில்லில் தவிட்டையும் உமியையும் விட்டுவிட்டால் அரவைக் கூலியைக் குறைத்துக்கொள்வார்கள். கொல்லையில் விளைந்த எள்ளைச் செக்கில் ஆட்டினாலும் அப்படித்தான், "புண்ணாக்க விட்டுட்டுப் போங்கக்கா, கூலி வேணாம்" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் 10 கிலோ எள்ளுக்கு 4 கிலோவுக்கு மேல் எண்ணெய் வரும், மிச்சத்தில் 5 கிலோவுக்குக் குறையாமல் புண்ணாக்கு. அந்த 5 கிலோ புண்ணாக்கைக் கடையில் வாங்கினால் என்ன விலை, செக்கில் ஆட்டுகிற கூலி என்ன என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கறவை மாடு இருக்கிற வீடு புண்ணாக்கையும் தவிட்டையும் விடவே கூடாது, காசு கொடுத்தே ஆட்டிக்கொள்ளலாம். மாடில்லாத வீட்டுக்கு அது வண்டு பிடிக்கிற பொருள், விட்டுவிடுவதே மேல். ஒரே பேரம், இரண்டு வீட்டுக்கு இரண்டு நியாயம். பக்கத்து வீட்டில் செய்கிறார்கள் என்று பார்த்துச் செய்கிற விஷயமில்லை இது.

ஆடு வாரத்துக்கு விடுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெள்ளாட்டுப் பெட்டை ஒன்றை வாங்கி, மேய்க்க ஆள் இருக்கிற வீட்டில் விடுவது. தாய் ஆடு நம்முடையது, குட்டியில் பாதிப் பாதி. வெள்ளாடு பெரும்பாலும் இரட்டை போடும், ஆளுக்கு ஒன்று. ஒற்றைக் குட்டி வந்தால் வளர்த்து விற்று விலையைப் பிரிப்பது. ஒன்று கிடா, ஒன்று பெட்டை என்றால் யாருக்கு எது? முதல் ஈற்றில் மேய்க்கிறவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும், அடுத்த ஈற்றில் நாம் எடுக்கலாம் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஆடு செத்தால் நட்டம் யாருக்கு, மருந்துச் செலவு யாருக்கு என்பது மட்டும் முன்கூட்டிப் பேச வேண்டியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு அரசுக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுகிறார்கள், அதற்கு ஓட்டிப்போவது மேய்க்கிறவர் பொறுப்பு.

விதை விஷயத்தில் எங்கள் பகுதிக்கு ஒரு பெருமை உண்டு. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய ரக விதையைக் காசு வாங்காமல் 2 கிலோ கொடுப்பார்கள். விளைவித்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக்கவுனி எல்லாம் இந்தப் பக்கத்து வயல்களில் மறுபடி நின்றதற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம். 2018 டிசம்பரில் அவர் காலமானார். தெரிந்தவர்களுக்குள் நாங்களும் இதே கணக்கில் விதை மாற்றிக்கொள்கிறோம். வட்டி நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், 2 கிலோ விதை எத்தனை கிலோவாக விளையும் என்று பார்த்தால் அது ஒன்றுமில்லை. திருப்பித் தருவது கலப்பில்லாத நெல்லாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பக்கத்து வயல் ரகம் கலந்துவிட்டால் 4 கிலோவுக்கு 8 கிலோ கொடுத்தாலும் விதைக்கு ஆகாது. வரப்போரத்து நெல்லை விட்டுவிட்டு வயல் நடுவில் அறுத்ததைத்தான் விதைக்கு எடுத்துவைப்போம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் ஊரில் கம்பங்கள் எல்லாம் சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, கார்டு தேய்த்துச் சாமான் வாங்கிய கடைகளில் அந்த மெஷின் செத்துக் கிடந்தது. என் தையல் மெஷின் காலால் மிதிப்பது. கிழிந்த தார்ப்பாயை ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தே மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி, பருப்பு என்று வீடு ஓடியது. அப்போது கண்ணெதிரே பார்த்த இன்னொன்று, விழுந்த தென்னைமரம். "மரத்தை எடுத்துக்கிட்டு இடத்தைச் சுத்தம் பண்ணிக் குடுங்க" என்று பேசலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ரம்பம் வைத்திருந்தவர் சிரித்தார். பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் வழியெல்லாம் தென்னை விழுந்து கிடக்கிறது, உங்கள் மரத்தை வைத்து நான் என்ன செய்ய, மரத்தையும் கொடுத்துக் கூலியும் கொடுங்கள் என்றார். எல்லார் வீட்டிலும் ஒரே பொருள் கிடந்தால் அதை வைத்து எதையும் மாற்ற முடியாது. உளுந்து அறுப்பு மும்முரத்தில் உளுந்து கொடுத்து ஒன்றும் வாங்க முடியாது என்பதும் இதே விஷயம்தான். ஆவணி புரட்டாசி வரை டப்பாவில் வைத்திருந்து கொடுத்துப் பாருங்கள், அதே உளுந்துக்கு மரியாதை வேறு.

பொருளாக வாங்காத பட்டியல் ஒன்றும் உண்டு. டீசல், மருந்து, பள்ளிக் கட்டணம், கரண்ட் பில் இவற்றுக்குக் காசுதான் வேண்டும் என்பதால், ஒரு மாதத் தையலில் பாதிக்கு மேல் பண்டமாற்றில் ஏற்பதில்லை. கதிர் அறுக்கும் மெஷின் வந்த பிறகுதான் அறுப்புக் கூலி நெல்லிலிருந்து காசுக்கு மாறியது என்பது என் எண்ணம். மெஷின் மணிக்கணக்கில் வாடகை கேட்கும், டீசல் பங்க்கில் நெல் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பெரிய அளவில் தொழிலாகச் செய்கிறவர்கள் வரியையும் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தில் விற்பனையைப் போலவே பண்டமாற்றும் 'சப்ளை'தான். வருட வரவு சேவைக்கு 20 லட்சம், பொருளுக்கு 40 லட்சம் என்ற வரம்பு என்னைப் போன்ற திண்ணைத் தையல்காரிக்கு எட்டாத உயரம். சொந்த நிலத்தில் விளைவித்ததை விற்கும் விவசாயிக்குப் பதிவே தேவையில்லை. ஆனால் கடை வைத்துத் துணியும் சரக்குமாக மாற்றுகிறவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வாய்ப்பேச்சில் விடவே கூடாதது நிலம். கொழுந்தனாருக்கு எங்கள் வயல் நடுவே ஒரு துண்டு, எங்களுக்கு அவர் வயல் ஓரத்தில் ஒரு துண்டு. மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் உழவு சுலபம். ஊரில் இப்படி மாற்றிக்கொண்டவர்கள் நிறைய. பட்டா மட்டும் பழையபடி இருக்கும். பயிர்க் காப்பீடு, புயல் நிவாரணம், வருடத்துக்கு 6,000 ரூபாய் மத்திய அரசு உதவி எல்லாம் பெரும்பாலும் பட்டாவைப் பார்த்துத்தான் வரும், உழுகிறவர் ஒருவர் வாங்குகிறவர் ஒருவர் என்று ஆகிவிடும். பெரியவர்கள் இருக்கும்வரை ஓடும், பிள்ளைகள் காலத்தில் வரப்பில் கம்பு ஊன்றுவார்கள். இதற்குப் பரிவர்த்தனைப் பத்திரம் என்றே தனியாக ஒன்று இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, சர்வே எண் பார்த்து உட்பிரிவு செய்து, பட்டாவையும் மாற்றிக்கொண்டோம். "அண்ணி, அண்ணன் தம்பிக்குள்ள பத்திரமா?" என்று கொழுந்தனார் முதலில் முகம் சுளித்தார். பத்திரச் செலவை ஆளுக்குப் பாதி போட்டோம். அவர் தன் பாதியை எங்கள் உழவுக் கூலியில் கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், கிலோ நெல்லில்.